போகும்போது மட்டும் கிழிந்த வலை

மூன்று நான்கு வருடங்களுக்கு முன், பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தைத் தாண்டி இருக்கும் ஒரு சின்னக் குப்பம். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்.

நான் அப்போது சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தேன். முனைவர் பட்டம் வாங்கி முடித்துவிட்டு, அதற்கு மேலும் இரண்டு வருடம் செய்கிற பயிற்சி. தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதி வந்தவர்கள் எல்லோரையும் எதிரே உட்காரவைத்துப் பேசி, படம் வரையச் சொல்லி, கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லி, மூளையின் எந்த வேலை கெட்டிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதி நாள் இது. மீதி நாள் ஸ்கேன் அறையில், மூளைப் படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகுவது.

இது என்ன வேலை என்று எங்கள் சொந்தத்தில் யாருக்கும் பிடிபடவில்லை. "டாக்டருதான், ஆனா ஊசி போட மாட்டா" என்று அக்கா ஊரில் சொல்லிவைத்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் யாராவது மூட்டுவலிக்கு மாத்திரை கேட்பார்கள். மருந்து எழுதித்தருகிற டாக்டர் நான் இல்லை என்றால், "அப்ப இன்னாதான் படிச்ச?" என்பார்கள். எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள். சாதாரணமாக என்னைத் திட்டாமல் அவளுக்குப் பேச்சே ஆரம்பிக்காது. அன்றைக்குத் திட்டவில்லை.

"நாளைக்கு வரியாடி? உங்க மாமாவ ஊருல கேக்கப்போறாங்க."

மாமா என்றால் அக்காவின் கணவர். ஏரியில் நண்டு வலை போடுகிறவர். சின்ன ஃபைபர் படகு, தனி ஆளாகப் போய்வருவார். அதிர்ந்து பேசமாட்டார். அவரை ஊர் கூடி விசாரிக்கிற அளவுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். கொஞ்ச நாளாகவே மாமா படகை ஓட்டிக்கொண்டு போய் இன்னொருவர் வலையில் விடுகிறாராம். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. ஒரே குடும்பத்து வலை.

அந்தப் பக்கம் ஏரியில் யார் எந்த இடத்தில், என்றைக்கு வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு. பாடு என்பார்கள். அந்த முறையில் போன வருடம் மாமாவுக்கும் அந்த வலைக்காரருக்கும் ஒரு வாய்த்தகராறு வந்து, ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவைத்தார்கள். அந்தப் பழைய கோபத்தில்தான் வேண்டுமென்றே வலையைக் கிழிக்கிறார் என்று ஊரில் பேச்சு. இல்லை, குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று இன்னொரு பேச்சு.

"குடிக்கிறாராக்கா?"

"வாசனையே இல்லடி. ஆனா எங்கிட்டயும் சரியில்ல. மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. நான் ஆக்கிப்போட்டா மீன தொடவே மாட்டேன்றாரு. சோறு மட்டும் துன்னுட்டு எழுந்துடறாரு. எம்மேல இன்னா கோவம்னு தெரியல." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மறுநாள் முதல் ரயிலில் பொன்னேரி போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மாமா ஏரியிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். "வாம்மா" என்றார். முகம் கொஞ்சம் வீங்கினாற்போல, களைப்பாக இருந்தது. எழுந்து நகர்ந்தபோது இடது கால் லேசாகத் தேய்ந்தது. தலைவலி அடிக்கடி வருது, வெயில்தான் என்றார்.

அக்கா தட்டு வைத்தாள். அவள் எப்போதும் சோற்றை நடுவில் போட்டு, வறுத்த மீனை இடது பக்கம் ஓரமாக வைப்பாள். வலது கையால் பிசைய இடைஞ்சல் இருக்கக் கூடாது என்று. மாமா சாப்பிட ஆரம்பித்தார். நான் எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கையை உதறியபோதுதான் தட்டைப் பார்த்தேன்.

தட்டின் வலது பாதி துடைத்தாற்போல் இருந்தது. இடது பாதியில் சோறும் மீனும் போட்டபடி அப்படியே. யாரோ நடுவில் கோடு கிழித்துவைத்த மாதிரி.

அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, பாத்தியா" என்று கண்ணாலேயே எனக்குச் சொன்னாள். நான் கையை நீட்டித் தட்டை மெதுவாகத் திருப்பினேன். மீன் அவருடைய வலது பக்கம் வந்தது.

மாமா குனிந்து பார்த்தார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்து, "இப்பதான் வெக்கறியா? துன்னு முடிச்சப்புறம்?" என்றார்.

அவர் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து அக்கா விருட்டென்று எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மட்டும் வேறொன்று தோன்றியது. வலது பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. கண் நன்றாகத் தெரியும். ஆனால் மனம் அந்தப் பக்கம் போகாது. பாதி தட்டு சாப்பிடுவார்கள், பாதி முகம் சவரம் செய்வார்கள், தங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பக்கவாதம் வந்து படுத்துவிட்டவர்களை. படகு ஓட்டிக்கொண்டு, நண்டு பிடித்துக்கொண்டு, "வாம்மா" என்று கூப்பிடுகிற ஒருவரிடம் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. புத்தகத்தில் படித்ததையெல்லாம் சொந்தக்காரர்கள்மேல் ஏற்றிப் பார்ப்பது பயிற்சியில் இருப்பவர்களுக்கு வழக்கமான வியாதி என்று எங்களுக்குப் பயிற்சி தருகிற மேடம் கிண்டல் செய்வார். இது அந்த வியாதியாகவே இருக்கக் கூடாதா என்று மனசு வேண்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் எங்காவது அடிபட்டதா மாமா என்று கேட்டேன். இல்லையே என்றார்.

அதற்குள் ஆள் வந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

வலை பின்னுகிற கொட்டகையில் ஊர்த் தலைவர் முன்னால் ஊர் கூடியிருந்தது. பெண்கள் ஓரமாக நின்றோம். வலைக்காரர் மாமாவைவிட மூத்தவர், குரல் பெரிசு. கிழிந்த வலையைக் கொண்டுவந்து நடுவில் போட்டார்.

"குடிச்சிட்டு ஓட்டினா அங்கயும் இங்கயும் மோதணும். இவரு எப்பவும் என் வலையில மட்டும் வுடறாரு. அதுவும் போவும்போது மட்டும். திரும்பி வரும்போது அதே வழிதான? அப்ப மட்டும் ஒயுங்கா ஒதுங்கி வர்றாரு. தெரிஞ்சி பண்ணலைன்னா இது எப்டி?"

கொட்டகை முழுக்கத் தலையாட்டியது. மறுக்க முடியாத வாதம். மாமா, "நான் வேணும்னு பண்ணல தலைவரே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அது இன்னும் பொய் மாதிரி ஒலித்தது.

நான் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கிசுகிசுத்தேன். "இவங்க வலை எந்தப் பக்கம் இருக்கு? இங்கிருந்து கிளம்பிப் போகும்போது?"

"பீச்சாங்கைப் பக்கம்."

"சோத்தாங்கைப் பக்கம்?"

"அங்க யாரு வலையும் இல்ல, வெறும் சேறு. உங்க மாமாதான் வரும்போது அந்தச் சேத்துல கொண்டாந்து ஏத்திட்டு நிக்கறாரே. ஊரே சிரிக்குது."

திரும்பி வரும்போது அந்தச் சேறு இடது பக்கம் ஆகிவிடும். வலை வலது பக்கம் வந்துவிடும். போகும்போது இடது பக்கம் இருக்கிற வலையில் மோதல். வரும்போது இடது பக்கம் இருக்கிற சேற்றில் மோதல். அந்த மனிதர் குற்றத்துக்குச் சாட்சியாகச் சொன்னதுதான், மாமா குற்றவாளி இல்லை என்பதற்கு அங்கே இருந்த ஒரே சாட்சி.

ஊர்க்கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்குத் திறந்தேன். மாமாவுக்கு இடது பக்கம் கவனத்தில் வருவதில்லை, மூளையில் ஏதோ கோளாறு, உடனே படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு முன் தீர்ப்பு சொல்லாதீர்கள் என்றேன். எவ்வளவு நிதானமாகச் சொல்ல நினைத்தேனோ அவ்வளவு அவசரமாகக் கொட்டினேன்.

"மச்சினி வந்து மாமனுக்கு வக்காலத்து" என்று யாரோ சொல்ல, சிரித்தார்கள். "பாதி கண்ணுதான் தெரியுமா? நண்டு மட்டும் தெரியுதா?" என்றார் வலைக்காரர்.

ஊர்த் தலைவர் சிரிக்கவில்லை. "பாப்பா சொல்றது நெசமோ பொய்யோ, ஆஸ்பத்திரியில காட்டிட்டு வரட்டும். அது வரைக்கும் படகு எடுக்கக் கூடாது. நெசம் இல்லைன்னா அவரு பாடு முறையே எடுத்துடறது" என்று முடித்தார்.

அதாவது, நான் சொன்னது தப்பு என்றால் மாமாவுக்குத் தொழிலே இல்லை.

வீட்டுக்குள் வந்ததும் மாமா என்மேல் பாய்ந்தார். அவர் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "எனக்குப் பைத்தியம்னு ஊரு முன்னால சொல்லிட்ட. நல்லாருக்குது. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் எங்கயும் வர மாட்டேன்."

நான் வெளியே வந்து எங்கள் மேடத்துக்குப் போன் செய்தேன். கேட்டுக்கொண்டே வந்தவர், தலைவலி, கால் தேய்கிறது என்று சொன்னதும், "திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, இப்பவே அழைச்சுக்கிட்டு அவசரப் பிரிவுக்கு வா" என்றார். எப்படி அழைத்துப்போவது? மாமா கதவோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் எவ்வளவு விளக்கியும் அசையவில்லை.

அசைத்தது அக்காதான். அடுப்படியிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வலது பக்கம் ஒரு கைப்பிடி சோறு. இடது பக்கம் ஒரு வறுத்த மீன். வேறொன்றும் இல்லை.

"தட்டுல இன்னா இருக்குது, சொல்லு."

"சோறு."

"அப்புறம்?"

"சோறுதான். நீதான் கொஞ்ச நாளா மீனே வெக்கறதில்லியே. ஊருல அசிங்கப்படுத்திட்டான் புருசன்னு கோவம். நான் கேக்கறதில்ல, வுட்டுட்டேன்."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் அவர் மீனை ஒதுக்குகிறார் என்று இவள் நினைத்திருக்கிறாள். கோபத்தில் இவள் மீனே வைப்பதில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். ஒரே தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு மாதமாக உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார்கள்.

அவள் அவருடைய இடது கையைப் பிடித்து, தட்டின்மேல் கொண்டுபோய், மீனைத் தொடவைத்தாள். தொட்ட பிறகு அவர் தலை மெல்லத் திரும்பியது. மீனைப் பார்த்தார்.

"இது இங்கயேதான் இருந்துச்சா?"

"இங்கயேதான்யா இருந்துச்சு."

அவர் முகத்தில் அப்போது வந்த பயத்தை நான் மறக்கமாட்டேன். "வண்டி சொல்லு" என்றார்.

தலைவரே தெரிந்தவர் காரை அனுப்பினார். மீஞ்சூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே கார் ஊர்ந்தது. மாமாவும் அக்காவும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்; அக்கா அவருடைய இடது கையை விடவே இல்லை. நான் முன் சீட்டில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த கெட்ட வியாதிகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தேன். கட்டியாக இருந்தால்? அதுவும் வலது பக்கம், இவ்வளவு சீக்கிரம் வளர்கிற கட்டி என்றால்? பாதிப் படிப்பு மனுசனை என்ன பாடு படுத்தும் என்று அந்த ரோட்டில் தெரிந்துகொண்டேன்.

மேடம் அவசரப் பிரிவு வாசலிலேயே நின்றிருந்தார். நான் மாமாவோடு ஸ்கேன் அறைக்குள் போகத் திரும்பியதும் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இன்னைக்கு நீ குடும்பம். அக்காவோட வெளியே உட்கார்."

தினமும் ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்கிறவள் நான். வெளியே இருக்கிற இரும்பு நாற்காலி இவ்வளவு குளிரும் என்று எனக்குத் தெரியாது. ஸ்கேன் எடுக்கிற தம்பி என்னோடு தினமும் டீ குடிக்கிறவர். உள்ளிருந்து எதற்கோ வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அக்காவுக்கு இருந்த ஒரே தைரியம் நான் பக்கத்தில் இருப்பது. எனக்கு இருந்த ஒரே வேலை அவளை விட்டு நகராமல் இருப்பது.

மேடம் வெளியே வந்தார், கூடவே அறுவைசிகிச்சை டாக்டர். மேடம் நடந்து வரும்போதே என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். "கட்டி இல்லை."

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில், வலது பக்கம், பழைய ரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. எப்போதோ பட்ட அடி. அப்போது ஒன்றும் தெரியாது. உள்ளே சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் சேர்ந்து, மெதுவாக அழுத்தும். சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், பெரும்பாலும் முழுசாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மயக்கமாகிப் போயிருப்பார், அதுவும் ஏரி நடுவில் தனியாக என்றும் சொன்னார். இதை அக்காவுக்கு நான் சொல்லவில்லை. "எடுத்துட்டா சரியாயிடும்க்கா" என்பதை மட்டும் சொன்னேன். அவள் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எங்களைத் தாண்டிப் போன நர்ஸ் கெட்ட சேதி என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

எப்போது அடிபட்டது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் அக்காதான் கண்டுபிடித்தாள். தீபாவளிக்குப் பிறகு படகைக் கரையேற்றும்போது மூங்கில் கழி சறுக்கி மாமா தலையில் பட்டிருக்கிறது. புடைத்த இடத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டு மறந்துபோனார்கள்.

மறுநாள் காலை ஆபரேஷன் ஆனது. அதற்கு அடுத்த நாள் நான் பார்க்கப் போனபோது மாமா தலையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்து, கட்டிலின் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஜன்னல் ஒண்ணு இருக்குதே, நேத்தும் இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா."

"வெளிய வேப்பமரம்கூட இருக்குது" என்றார் ஆச்சரியமாக. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு உம்மேல கத்திட்டேன்" என்றார். நான், "நீங்க கத்தினது என் இடது பக்கத்துல மாமா, எனக்குக் கேக்கல" என்றேன். அக்கா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். திட்டும் ஆரம்பித்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

மேடம் அவரை முறைப்படி சோதித்தபோதும் என்னை உள்ளே விடவில்லை. முடிவை மட்டும் சொன்னார்: இடது பக்கக் கவனம் திரும்பி வந்துவிட்டது, இன்னும் சில வாரம் போனால் மிச்சமும் சரியாகிவிடும்.

மாமா தேறி ஊருக்குப் போன பிறகு கொட்டகையில் மறுபடி கூடினார்கள். நான் பேச வேண்டியே இருக்கவில்லை. மாமாவே துண்டை அவிழ்த்துத் தலையில் இருந்த தழும்பைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, கிழிந்த வலையைத் தானே உட்கார்ந்து பின்னித் தருவதாகச் சொன்னார். வலைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"போவும்போது மட்டும் மோதுதுன்னு சொன்னது நான்தான?"

"ஆமாங்கய்யா. நீங்க சொன்னதை வெச்சுத்தான் எனக்கு உறுதியாச்சு."

"பாத்தியா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "இவரு உசுர காப்பாத்துனதே நான்தான்!" கொட்டகையே சிரித்தது. மாமாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இன்றைக்கும் அந்தப் பெரியவர் இந்தக் கதையை அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் நானும் மறுப்பதில்லை.

பயிற்சி முடிந்து இப்போது நான் வேறு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். எனக்கு எதிரே வந்து உட்காருகிற குடும்பங்களில் பாதிப் பேர், "இவர் வேணும்னே பண்றாருங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு நல்ல மனிதர் என் கண்முன் வந்துவிடுகிறார். அவரிடம் அன்றைக்கு அக்கா 'தட்டுல இன்னா இருக்குது' என்று ஒரு வார்த்தை பொறுமையாகக் கேட்டாளே என்கிற நிம்மதியில், எதிரே இருப்பவரிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்க ஆரம்பிக்கிறேன்.